பாதியில் அணைத்த ஆட்டம்

"ஹலோ... ஹலோ, பாப்பா... ம், கேக்குது, சொல்லு... இல்ல, இங்கதான் சத்தம். இரு, கொஞ்சம் ஓரமா வரேன்... இப்ப?... இப்ப கேக்குதா?... ம்."

ஓரமாக வருகிறேன் என்று வாய்தான் சொன்னது. அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. அசைய இடமும் இல்லை. ரயில் பெட்டி ஒன்றை அப்படியே கழற்றிக் கொண்டுவந்து வைத்த மாதிரி நீளமும் குறுகலுமான கடை. ஒரு கோடியில் காபி இயந்திரம். மறு கோடியில், சுவரின் உச்சியில், தொலைக்காட்சிப் பெட்டி. நடுவில் இருந்த அத்தனை முகங்களும் அண்ணாந்து அந்தப் பச்சைத் திடலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டாள்.

பாப்பா என்பது அவள் கணவரின் தங்கை. கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அம்மாவாகியும் அந்தப் பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது. ஊரில் அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவள். வாரத்தில் பாதி நாள் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் முதலில் கேட்பது, எங்கே இருக்கிறீர்கள் அண்ணி என்பதுதான்.

"எங்கயா?... வெளியில... வீட்டுல இல்ல... காபிக் கடையில... ஆமா, ஆமா, காபிக் கடைதான்... யாரு கூடவும் இல்ல, தனியாத்தான்... சும்மா உக்காந்திருக்கேன் பாப்பா... மேட்ச் பாக்கறேன்."

மறுமுனை பேசாமல் போயிற்று. அந்தப் பேசாமை அவளுக்குப் பழக்கம். அந்தக் குடும்பத்துக்கே உரியது அது. அவரும் அப்படித்தான், ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் காய்கறியே நறுக்கி முடித்துவிடலாம்.

"மேட்ச்தான்... கிரிக்கெட் இல்ல, கால்பந்து... எனக்கு என்ன தெரியும்? பந்து அந்தப் பக்கம் போனா எல்லாரும் எழுந்திருக்கறாங்க. இந்தப் பக்கம் வந்தா தலையில கை வைக்கறாங்க. நான் உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்... எந்தக் கடையா?"

மேசை மீதிருந்த கோப்பையின் காதை அவள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு மறுபடி தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அந்தக் கடைதான் பாப்பா... ம்... உங்க அண்ணன் வர்ற கடைதான்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு மசகெண்ணெய்க் கையோடு வேலை செய்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இந்தக் கடை. போய்ட்டு வந்துடறேன் என்பார், போவார். கூட்டிக்கொண்டு போனதில்லை. அவளும் கேட்டதில்லை. அந்த நேரம் அவளுக்குத் துணி தேய்க்கவும் ஒரு தூக்கம் போடவும் சரியாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இதே கடையில் அவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். மாரடைப்பு. அந்த வாரம் மட்டும் அவளுக்கு ஞாயிறும் வேலை நாள். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அந்த வெளிநாட்டு ஊருக்கு இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. அவரை மேலே வாசல் வழியாகக் கொண்டுவந்தபோது அவள் கீழே ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரே மற்ற இரண்டு முனையைப் பிடித்திருந்தவளை நோக்கி நடந்துகொண்டிருந்திருப்பாள். அவரைப் போர்த்தியதும் அவள் மடித்ததாகத்தான் இருந்திருக்கும்.

அவர் உடலோடு கூடவே விமானத்தில் ஊருக்குப் போனாள். ஆக வேண்டியதெல்லாம் ஆயிற்று. மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விடுப்பு முடிந்தது, திரும்பி வந்தாள். இவ்வளவு சீக்கிரம் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் வந்தால் ஏறுவது போல ஏறி வந்துவிட்டாள்.

"எப்படி உக்கார முடியுதுன்னு கேக்கற... எப்படின்னா... நாற்காலி இருக்கு, உக்காந்திருக்கேன்... கோவமா சொல்லல பாப்பா. நீ கேட்ட, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்... இல்ல, இல்ல, நீ கேக்கலாம். நீ கேக்காம யாரு கேப்பா?... முதல்ல அவரோட கோட்டு இங்கயே கிடந்துதுன்னு எடுக்க வந்தேன். கடைக்காரம்மா கோட்டக் குடுக்கல. காபி கொண்டாந்து வச்சாங்க. உக்காருன்னு நாற்காலியக் காட்டினாங்க. உக்காந்தேன்... அப்பறம் அடுத்த ஞாயிறும் வந்தேன்... தெரியல. கால் வந்துடுது."

திடலில் ஏதோ ஆயிற்று. சட்டென்று கடை முழுக்க எழுந்து நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் கையை வீசி ஒரே குரலில் கத்தினார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"என்ன?... இல்ல பாப்பா, தமிழ் ஆளுங்க யாரும் இல்ல... ஆமா, உனக்குச் சரியாத்தான் கேட்டுது. 'அடிடா'ன்னுதான் கத்தினாங்க... உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தது... நிஜமா. அவர் கத்துவாராம், இவங்களும் கூடக் கத்திக் கத்திப் பழகிடுச்சாம்... அர்த்தமெல்லாம் தெரியாது. பந்து கோல் பக்கத்துல போனா அப்படிக் கத்தணும்னு தெரியும்."

பாப்பா சிரித்திருக்க வேண்டும். சிரிப்பாக ஆரம்பித்த ஏதோ ஒன்று போனுக்குள் வேறு சத்தமாக மாறியது. அவள் அது முடியட்டும் என்று காத்திருந்தாள். திரையில் கோல்காப்பாளரைக் காட்டினார்கள். மற்றவர்களெல்லாம் தூரத்தில் மோதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தன் வலைக்கு முன்னால் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டிருந்தார். இந்த ஆட்டத்தில் அவளுக்குப் பார்க்கப் பிடித்தது அந்த ஒரு ஆளைத்தான்.

"ஆமா பாப்பா... எனக்கும்தான் தெரியாது. வீட்டுல சத்தமா தும்மக்கூட மாட்டார். உப்பு வேணும்னா வாயத் திறந்து கேக்க மாட்டார், டப்பாவப் பாப்பார். இங்க அவர்தான் பெரிய தொண்டையாம். மேசையத் தட்டினா கோப்பையெல்லாம் ஆடுமாம்... கடைக்காரம்மாதான் ஆடிக் காட்டினாங்க... ம்... ம்... அத்தைகிட்ட ஞாயித்துக்கிழமையும் வேலைன்னுதான் சொல்லி வச்சிருந்தாரா?... தெரியும், தெரியும். உங்ககிட்ட பேசிட்டு, 'வேலை இருக்கும்மா, வைக்கறேன்'னு சொல்லிட்டு, நேரா இங்க வந்துடுவார்."

பிறகு பாப்பா பேசினாள். வழக்கமாகப் பேசுவதுதான். அங்கே தனியாக என்ன செய்கிறீர்கள், வந்துவிடுங்கள்.

"வந்து?... சரி, வந்து என்ன பண்ணட்டும்?... நீ நல்லாப் பாத்துப்ப, எனக்குத் தெரியும்... அதில்ல. வேலை இருக்கு இங்க... பெரிய வேலைன்னு யாரு சொன்னா? துணி மடிக்கறதுதான். மடிச்சா மடிச்ச மாதிரி இருக்கும், மனசுக்கு ஒண்ணும் கேடு இல்ல... சரி, அத விடு. அதுக்காகவா கூப்பிட்ட?"

அதற்காக இல்லை. பாப்பாவின் குரல் தணிந்திருக்க வேண்டும். அவள் போனை இன்னும் அழுத்தினாள். காது சிவக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

"அத்தைக்கு என்ன?... எப்பலேர்ந்து?... நேத்து காலையிலேர்ந்தேவா?... தண்ணியாவது?... ம்... டாக்டரக் கூப்பிட்டியா?... ம்... பேசறாங்களா?... பேசறாங்களா? என்னன்னு?"

"'எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னா?... யாரு?... என்னச் சொல்றாங்களா?... சொன்னா சொல்லட்டும் பாப்பா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். வந்துட்டேன்தான... இல்லையா? என்னை இல்லையா?... அப்பறம் யாரு?... இரு, இரு, மெதுவாச் சொல்லு. எந்த போன்?"

கடையில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அது திரையிலிருந்து வந்தது. முதல் பாதி முடிந்தது. ஆட்டக்காரர்கள் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கடைக்காரம்மா தோளில் துண்டோடு வந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். நாற்காலிகள் இழுபட்டன. பாதிப் பேர் புகை பிடிக்க வாசலுக்குப் போனார்கள்.

பாப்பா சொல்லச் சொல்ல, அவள் பள்ளிப்பிள்ளை பாடத்தைத் திருப்பிச் சொல்வது போல ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

"அன்னிக்கா?... அன்னிக்கு அத்தைக்கு போன் வந்துதா?... அவர் நம்பர்லேர்ந்து... ம்... எடுத்தா அவர் பேசல... யாரோ ஆம்பளைக் குரல்... புரியாத பாஷை... ம், கத்திக் கத்திப் பேசுது... பின்னால பெரிய கூட்டம், ஒரே இரைச்சல்... ம்... அப்பறம்?... திடீர்னு எல்லாச் சத்தமும் நின்னு போச்சு."

அவள் நிறுத்தினாள். பாப்பா நிறுத்தவில்லை.

"ம்... அத்தை ஹலோ ஹலோன்னு கத்தியிருக்காங்க... எதிர்ல ஒரு சத்தமும் இல்ல... ம்... அப்படியே கட்டாயிடுச்சு... இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலையா?... உன்கிட்டகூட?... இன்னிக்குத்தான் சொன்னாங்களா."

விஷயம் அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது. அந்தச் சத்தம் நின்றதை மாமியார் ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். கூட்டம் கூடியது, வேடிக்கை பார்த்தது, ஆள் தேறமாட்டான் என்று தெரிந்ததும் அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். பிள்ளை தெரியாத ஊரில் தரையில் அனாதையாகக் கிடந்தான். அந்தச் சத்தமில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா ஊரில் இருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"பாப்பா... பாப்பா, அழாத. ஒரு நிமிஷம் இரு. வைக்காத... வைக்காதன்னு சொல்றேன்ல. இங்க ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவள் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து மேசைக்குத் திரும்பினாள். அங்கே பஸ்காரர் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர், தாட்டியான ஆள், விடுமுறை நாளிலும் கம்பெனிச் சட்டைதான். அவள் கணவருக்குப் பக்கத்து நாற்காலி இவருடையது. அன்றைக்குக் கீழே சரிந்தவரின் தலையைத் தன் மடியில் தாங்கியவரும் இவர்தான் என்று கடைக்காரம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். அவரிடம் அவள் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வணக்கம் சொல்வதும் காபியைத் தூக்கிக் காட்டுவதும்தான் பழக்கம்.

சலவைக்கூடத்தில் கற்ற அந்த ஊர்ப் பாஷையைக் கொண்டு, துண்டு துண்டாக, அவள் கேட்டாள். அன்றைக்குப் போன் செய்தீர்களா. செய்தேன் என்றார். பூட்டியிருந்த போனைத் திறக்க, கீழே கிடந்தவரின் கட்டைவிரலையே எடுத்து அதன்மேல் அழுத்தினாராம். உள்ளே பெயரெல்லாம் தெரியாத எழுத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை அழுத்தினாராம். அது அம்மா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது நடுவில் நின்றுபோனதும் அதற்குக் கீழே இருந்ததை அழுத்தினாராம். அது லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்த இவளுடைய போன்.

சத்தம் ஏன் நின்றது என்று கேட்டாள். அவருக்குக் கேள்வி புரியவில்லை. அவள் சுற்றி இருந்த மேசைகளைக் காட்டி, வாயருகில் விரல்களைக் குவித்து விரித்து, பிறகு கையால் காற்றை அறுப்பது போல வீசிக் காட்டினாள். பஸ்காரர் யோசித்தார். பதில் சொன்னது கடைக்காரம்மா. கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு, அலமாரியில் இருந்த ரிமோட்டை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டி, பெருவிரலை ஒரு தடவை அழுத்துவது போலச் செய்து காட்டினார். பிறகு சொன்னதெல்லாம் மெதுவாகவே சொன்னார், இவளுக்குப் புரியவேண்டுமே என்று.

அவள் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"பாப்பா... அத்தைகிட்ட குடு... பேச வேணாம்னு சொல்லு, காதுல வச்சா போதும்... நீயே புடிச்சுக்கோ, காதுகிட்ட வச்சுப் புடிச்சுக்கோ... ம்."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் மூச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுகிற அந்த மின்விசிறியை அவளுக்குத் தெரியும். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்து, எண்ணெய் விடுவார். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி முனகும்.

"அத்தை... நான்தான்... பேச வேணாம், கேளுங்க... அன்னிக்குச் சத்தம் நின்னுதுல்ல, அது ஆளுங்க போனதால இல்ல... கேக்குதா?... யாரும் போகல அத்தை. டிவிய அணைச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் மின்விசிறி ஒரு தடவை முனகியது.

"நீங்க கேட்ட கூச்சல் பாதி டிவியில வந்தது... ஆமா, மேட்ச். பந்தாட்டம்... ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகல அத்தை, உங்ககிட்ட சும்மாச் சொல்வார். இங்க வந்து உக்காந்து ஆட்டம் பாப்பார்... அன்னிக்கு முக்கியமான ஆட்டமாம். இந்த ஊருக்காரங்க டீம். கோல் போடறதுக்குப் பந்த வச்சுட்டாங்களாம், எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அப்பதான் இவர் விழுந்தார். இங்கேர்ந்து உங்களுக்கு போன் போட்டுக் கத்திட்டு இருக்கும்போதே கடைக்காரம்மா ஓடிப்போய் டிவிய அணைச்சுட்டாங்க... ம்... அந்தப் பந்து உள்ள போச்சா இல்லையான்னுகூட யாரும் பாக்கலையாம். மறுபடி டிவியப் போடுன்னு ஒருத்தரும் சொல்லலையாம்... அதுதான் அத்தை நீங்க கேட்டது. அந்தச் சத்தம் நின்னது அதுதான்."

சொல்லிக்கொண்டு வரும்போது தன் குரல் யாரோ அறிவிப்பு வாசிக்கிற குரல் மாதிரி இருப்பதை அவளே கேட்டாள். பஸ் நிலையத்தில் எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. அவளால் அதை மாற்ற முடியவில்லை. அதே குரலில் தொடர்ந்தாள்.

"எல்லாரும் இங்கயேதான் இருந்தாங்க... ம்... சில பேரு வெளியில ரோட்டுல நின்னாங்களாம், ஆம்புலன்ஸ் கடை தெரியாமத் தாண்டிப் போயிடக் கூடாதுன்னு. மத்தவங்க நாற்காலி மேசையெல்லாம் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, ஒரு சத்தமும் போடாம சுத்தி உக்காந்துட்டாங்க... கீழதான், தரையில... ஏன் பேசலன்னா, அந்த போன் பண்ணினவர் அவர் நெஞ்சுல காத வச்சுக் கேட்டுட்டு இருந்தாராம்... அதான் அந்த அமைதி... ம்... போன் அங்க தரையில கிடந்துதாம். அப்பறம்தான் கட்டாயிருக்கு."

மாமியார் ஏதோ சொன்னார். அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. என்ன வார்த்தை என்று உடனே பிடிபடவில்லை. வறண்டுபோன தொண்டையிலிருந்து வந்தது.

"நான் பாக்கல அத்தை... ஆமா, நான் வேலையில இருந்தேன்... ஆனா பாத்தவங்க சொல்றாங்க. இதோ பக்கத்துலயே இருக்காங்க... பொய் சொல்லல. உங்கள சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லல. எனக்கு இப்ப அப்படியெல்லாம் செய்யத் தெம்பு இல்ல அத்தை... ம்... தண்ணி கேட்டாரான்னா?... இருங்க, கேக்கறேன்."

கேட்டாள்.

"கேக்கலையாம். இவர்தான் கைக்குட்டைய நனைச்சு உதட்டுல வச்சாராம்... குடிக்கல. உதடு நனைஞ்சுது... ம்... வலிச்சுதான்னா... வலிச்சிருக்கும் அத்தை. ஆனா ரொம்ப நேரம் இல்லையாம்... ஏதாவது சொன்னாரான்னா..."

அதை அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது மாமியாரின் கேள்வியாக அதை பஸ்காரரிடம் கேட்டாள்.

சொன்னார், சொன்னார் என்று பஸ்காரர் தலையாட்டினார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அது இன்னும் தன் காதில் அப்படியே இருக்கிறது என்று காதைத் தொட்டுக் காட்டினார். உன் பெயராக இருக்கும் என்று நினைத்து, ஆம்புலன்ஸில் கேட்டவர்களிடம் மனைவி பெயர் இதுதான் என்று சொன்னாராம். அவர்களும் எழுதிக்கொண்டார்களாம். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, நாக்கை மடக்கி மடக்கி, அந்த வார்த்தையைச் சொன்னார்.

ஒண்ணுமில்ல.

'ண்' சரியாக விழவில்லை. ஆனாலும் அது அவள் கணவர் சொல்கிற மாதிரியேதான் இருந்தது. விரலில் கம்பி கிழித்துக்கொண்டு வந்தால் சொல்வது. காய்ச்சலில் படுத்தால் சொல்வது. கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்வது. அவள் பெயர் ஏதோ ஒரு காகிதத்தில் ஒரு பகல் முழுக்க ஒண்ணுமில்ல என்று இருந்திருக்கிறது.

பஸ்காரர் அதன் அர்த்தம் கேட்டார். அவருடைய பாஷையில் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அத்தை... சொன்னாராம்... என்ன சொன்னார்னு நான் சொல்ல மாட்டேன். அன்னிக்கு உங்களுக்கு போன் பண்ணினாரே, அவர்கிட்டயே குடுக்கறேன்... ஆமா, அதே ஆள்தான்... நீங்க பேசுங்க. புரியாட்டி பரவால்ல. பேசுங்க."

பஸ்காரர் எழுந்து நின்றார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பெரியவர்கள் முன்னால் நிற்பது போலக் கொஞ்சம் குனிந்து போனை வாங்கினார். காதில் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றார்.

அங்கே மாமியார் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. பஸ்காரரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் ரோட்டைப் பார்ப்பது போல ஓர் இடத்தையே பார்த்தது. நடு நடுவே ம் என்றது. அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் எங்கே ம் சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னார். சற்று நேரம் போனதும் அவரும் தன் பாஷையில் பேசத் தொடங்கினார். எதிர்ப்பக்கம் பேசி முடித்திருக்காது. இரண்டு பேருமே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பேசியதில் பாதிதான் அவளுக்குப் பிடிபட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகிவிட்டது அம்மா, நான் ஓட்டியிருந்தால் சீக்கிரம் வந்திருப்பேன் என்றார். கனமான தலை என்றார்.

இரண்டாம் பாதி ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். பந்து வலைக்குள் போயிற்று. கடை முழுக்க எழுந்தது. திறந்த வாய்கள் போனைப் பார்த்ததும் அப்படியே மூடிக்கொண்டன. கைகளை மட்டும் மேலே தூக்கி, ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் உட்கார்ந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். புகை பிடிக்கவில்லை, சும்மா நின்றார்.

"ஹலோ... அத்தை... ஓ, நீயா... ம், சொல்லு பாப்பா... என்ன பண்றாங்க?... எழுந்து உக்காந்துட்டாங்களா?... ம்... முகம் கழுவணுமா? கழுவி விடு. வெந்நீர் வை... ம்... ம்... என்ன சொன்னார் அந்த ஆளுன்னா கேக்கற? அத்தையவே கேளு, அப்பறமாச் சொல்வாங்க... தட்டு கேக்கறாங்களா?... நிஜமா?... அப்ப போ. குழைய வடிச்சுப் போடு. ஒரேயடியாக் குடுக்காத, வயிறு தாங்காது... நான் என்ன பண்ணினேன்? நான் ஒண்ணும் பண்ணல. கேட்டேன், சொன்னாங்க... சரி... சரி, சரி, போ... இல்ல, பாப்பா, ஒரு நிமிஷம்..."

அவள் அந்தக் கோப்பையைக் கையில் எடுத்தாள். காபி ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. வாசல் கண்ணாடிக்கு அப்பால் பஸ்காரரின் முதுகு தெரிந்தது. அவருக்கு அப்பால் தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். இதைச் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருக்கவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரிந்திருக்கவில்லை. இப்போது வாய் தானாகவே சொல்ல ஆரம்பித்தது, அதே அறிவிப்புக் குரலில்.

"பாப்பா... எனக்கு இன்னும் அழுகையே வரல... ஆஸ்பத்திரியில வரல, விமானத்துல வரல, அங்க அத்தன பேரு நடுவுலயும் வரல. துண்ட வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். நீங்கள்லாம் அழுதேன்னு நினைச்சீங்க... வருமா பாப்பா? எல்லாருக்கும் வருதே... உனக்கு எப்படி வந்துது? முதல்ல தொண்டையில வந்துதா, கண்ணுல வந்துதா?... நான் காத்துட்டுத்தான் இருக்கேன்... பாப்பா?..."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அம்மாவுக்குத் தட்டு போட ஓடிய அவசரத்தில் பாப்பா எப்போதோ வைத்துவிட்டிருந்தாள். திரை கறுத்து, அதில் கடையின் விளக்கும் அவள் நெற்றியும் தெரிந்தன.

மறுபடி காதில் வைத்தாள்.

"சரி பாப்பா... சாப்பிட்டதும் அத்தைய உடனே படுக்க விடாத... ம்... வச்சுடறேன்."